தேர்வுக் கட்டணத்தைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன். மீதியை எப்படிக் கொடுப்பது?

இந்த முறை நான் பதில் எழுதுவது பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியின் கடிதத்துக்கு. ஊர், கல்லூரி, சபை எதையும் இங்கே சொல்லவில்லை. தென்மாவட்டக் கிராமம் என்பது மட்டும் போதும். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். தம்பி பன்னிரண்டாம் வகுப்பு. இவர் தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வருகிறார், சாயங்காலம் தெருப்பிள்ளைகள் ஆறு பேருக்கு ட்யூஷன் எடுத்து மாதம் 1,800 ரூபாய் சம்பாதிக்கிறார். கல்லூரி ஜெபக்குழுவின் செயலாளரும் இவர்தான்.

கோடை விடுமுறையில் ஒரு மாணவர் முகாமுக்குப் போயிருக்கிறார். ஒடிசாவின் மலைப்பகுதியில் ஊழியம் செய்கிற ஒருவர், அங்கே பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளுக்காக நடத்தும் விடுதியைப் பற்றிப் பேசினாராம். கேட்டு அழுதிருக்கிறார். அதற்குப் பிறகு மேடையேறிய வேறொருவர், “கையில் இருக்கிற விதையை விதை, நூறத்தனையாய் வரும், கணக்குப் பார்க்கிறவன் விசுவாசி அல்ல” என்று சொல்ல, விசுவாச வாக்கு அட்டையில் ‘அடுத்த மே மாதத்துக்குள் 10,000 ரூபாய்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ட்யூஷன் பணத்திலிருந்து 1,200 அனுப்பினார். செமஸ்டர் தேர்வுக் கட்டணத்துக்காக அப்பா கொடுத்த 2,600 ரூபாயையும் அனுப்பிவிட்டார், கட்டணத்துக்கு எப்படியாவது பணம் வரும் என்ற நம்பிக்கையில். வரவில்லை. கடைசித் தேதியில் ஒரு கடன் செயலியில் 3,500 ரூபாய்க்கு விண்ணப்பித்து, கையில் கிடைத்த 2,700ஐ வைத்துக் கட்டணம் கட்டினார். சில வாரங்களில் பாக்கி 4,800 ஆனது. ஒருநாள் செயலிக்காரர்கள் அம்மாவின் போனுக்கே கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்கள். அம்மா கம்மலை அடகு வைத்து 5,000 வாங்கிக் கடனை அடைத்தார். “ஆண்டவருக்குக் கொடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா” என்று மட்டும் கேட்டாராம்.

அட்டையில் இன்னும் 6,200 ரூபாய் பாக்கி. அதைக் கொடுக்காவிட்டால் பொருத்தனையை, அதாவது தேவனுக்குக் கொடுத்த வாக்கை, மீறிய பாவமா? அப்பா தருகிற பணத்துக்கும், புதுமைப்பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் ஆயிரம் ரூபாய்க்கும் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை, உண்டா? “சம்பாதிச்ச பிறகு கொடு” என்று அப்பா சொல்வது சரியா? ஜனவரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு கூட்டம். அதில் ‘கொடுத்தல்’ பற்றிச் சாட்சி சொல்லும்படி இவரைக் கேட்டிருக்கிறார்கள், 10,000 ரூபாய் வாக்குக் கொடுத்தவர் என்பதால். என்ன பேசுவது? இவைதான் கேள்விகள். கடைசியில் ஒரு வரி: “கர்த்தரை வஞ்சித்துவிட்டேனோ என்ற பயத்தில் இரண்டு மாதமாக நற்கருணை எடுக்கவில்லை, சரியாகத் தூக்கமும் இல்லை.”

அன்புத் தங்கைக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போங்கள், நற்கருணை எடுங்கள். உங்கள் குருவானவரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. காணிக்கை பாக்கி வைத்திருக்கிறவர்கள் நற்கருணைப் பந்திக்கு வரக்கூடாது என்று எனக்குத் தெரிந்து எந்தச் சபையும் போதிக்கவில்லை. தூக்கமின்மை தொடர்ந்தால் கல்லூரியில் இருக்கும் ஆலோசகரைப் பாருங்கள். இல்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அரசு நடத்துவது, இலவசம், தமிழில் பேசலாம். ஜெபிக்கிறவர்கள் இதற்கெல்லாம் போகக்கூடாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பார்த்தேயிராத பிள்ளைகளுக்காக அழுது, சொந்த உழைப்பில் வந்த 1,200 ரூபாயை அனுப்பியிருக்கிறீர்கள். மாதம் 1,800 வருகிறவருக்கு அது பெரிய பணம். அந்த மனதை இந்தக் கசப்பில் தொலைத்துவிடாதீர்கள். இனிமேல் நான் சொல்கிற கறாரான விஷயங்கள் எல்லாம், அந்த மனது இருபது வருடம் கழித்தும் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இப்போது கறாரான விஷயம். நீங்கள் அனுப்பிய 3,800 ரூபாயில் நீங்கள் கொடுத்தது 1,200தான். மீதி 2,600 அப்பா கட்டணத்துக்குத் தந்தது. அந்தக் கட்டணத்துக்காக வாங்கிய கடனைக் கம்மலை வைத்து அடைத்ததால், கடைசியில் அதைக் கொடுத்தது உங்கள் அம்மா, அவருக்கே தெரியாமல். அந்தக் கம்மலின் 5,000 ரூபாய், தான் பதினைந்து நாளுக்கு மேல் சொளவை (முறத்தை) மடியில் வைத்து இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டிச் சம்பாதிக்கும் கூலி என்று அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கழுத்துவலி, இருமல் எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. அதைக் காணிக்கையாகக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். தாவீது ராஜா அர்வனாவின் களத்தில் பலி செலுத்தப் போனபோது நிலத்தையும் மாடுகளையும் சும்மாவே தருகிறேன் என்றார் அர்வனா. தாவீது வாங்கிக்கொள்ளவில்லை. விலை கொடுத்துத்தான் வாங்கினார், இலவசமாய் வந்ததை என் தேவனுக்குப் பலியிடமாட்டேன் என்றார் (2 சாமுவேல் 24). அடுத்தவர் மனமுவந்து கொடுத்ததையே அவர் தன் காணிக்கையாக ஆக்கிக்கொள்ளவில்லை.

மாற்கு 7ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை வாசியுங்கள். தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவிட்டவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். காணிக்கை என்ற பெயர் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடாது என்று சொன்னவர் அவரேதான்.

விசுவாசமும் பரீட்சையும்

“கட்டணத்துக்குத் தேவன் தருவார் என்று நம்பினேன், அவர் தரவில்லை, என் விசுவாசம்தான் குறைவோ” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். தேவன் தந்திருந்தார் தங்கையே. அந்த 2,600 ரூபாய் கட்டணத்துக்காக வந்த பணம், அப்பாவின் ஆட்டோ வழியாக வந்தது. வந்ததை வேறு பக்கம் திருப்பிவிட்டு, இன்னொரு முறை தாரும் என்று கேட்டிருக்கிறோம். ஆலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று வேதவசனத்தையே காட்டிச் சொன்ன பிசாசுக்கு, தேவனைப் பரீட்சை பாராதே என்றுதான் இயேசு பதில் சொன்னார். படி இருக்கும்போது படி வழியாக இறங்குவது அவிசுவாசம் ஆகாது.

மல்கியா 3:10இல் “சோதித்துப் பாருங்கள்” என்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது, தங்கள் நிலத்தில் விளைந்ததை வைத்துக்கொண்டே ஆலயத்துப் பண்டசாலைக்குக் கொண்டுவராமல் இருந்த ஜனங்களுக்குச் சொன்னது. பண்டசாலையில் தானியம் இல்லையென்றால் ஆலயப் பணி செய்கிற, சொந்த நிலமில்லாத லேவியர்கள் பசியாகக் கிடக்க வேண்டும், அதுதான் அங்கே பிரச்சினை. கடன் வாங்கி தசமபாகம் கொடு என்று அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. நூறத்தனை என்ற வார்த்தை வருகிற விதைப்பு உவமையிலும் விதை என்பது வசனம், ரூபாய் நோட்டு அல்ல. முகாமில் பேசியவருடைய நோக்கத்தை நான் எடைபோட வரவில்லை. ஆனால் கணக்குப் பார்க்கிறவன் விசுவாசி அல்ல என்பது தவறான போதனை. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14இல் இயேசுவே சொல்கிறார்.

“ஏழை விதவை தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் போட்டாளே, மக்கெதோனியா சபையார் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தார்களே” என்றும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, இதைத் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை. சில நேரங்களில் அப்படிக் கொடுக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களும் அப்படிக் கொடுத்திருக்கிறார்கள், நான் அவர்கள் முன் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த விதவை போட்ட இரண்டு காசும் அவளுடையது. மக்கெதோனியர் யாரும் தூண்டாமல் தாங்களாகவே கொடுத்தார்கள் என்று பவுல் அதே இடத்தில் எழுதுகிறார். விதவையின் காணிக்கைக்குச் சற்று முன்னால்தான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார் என்பதையும் கவனியுங்கள். அந்த இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் படம் முழுமையாகத் தெரியும். பவுல் கொரிந்தியருக்குச் சொன்ன அளவு இது: “ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்” (2 கொரிந்தியர் 8:12). மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான வசனம் எனக்குத் தெரியாது.

அட்டையில் இருக்கும் 6,200 ரூபாய்

பொருத்தனையைச் செலுத்தத் தாமதிக்காதே என்று பிரசங்கி 5 சொல்கிறது, உண்மை. பொருத்தனை பண்ணிவிட்டுச் செலுத்த முடியாத ஏழைக்கு என்ன வழி என்பதும் வேதத்திலேயே இருக்கிறது, பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடியாத இடம். லேவியராகமம் 27:8. அவன் ஆசாரியனிடம் போய் நிற்க வேண்டும், ஆசாரியன் அவனுடைய திராணிக்கேற்றபடி தொகையைத் திரும்ப மதிப்பிட வேண்டும். ஒளிந்துகொள்ளவும் சொல்லவில்லை, கடன் வாங்கவும் சொல்லவில்லை. போய்ச் சொல் என்கிறது.

அதையேதான் நீங்களும் செய்யப் போகிறீர்கள். அந்த ஊழிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீளமாக வேண்டாம். “முகாமில் என் வருமானத்தைக் கணக்கிடாமல் 10,000 ரூபாய் என்று எழுதிவிட்டேன். இதுவரை 3,800 அனுப்பியிருக்கிறேன். இனி மாதம் 100 ரூபாய் என் சொந்த வருமானத்திலிருந்து அனுப்புகிறேன். என் வாக்கை இப்படி மாற்றிப் பதிந்துகொள்ளுங்கள். விடுதிப் பிள்ளைகளுக்காகத் தொடர்ந்து ஜெபிக்கிறேன்.” போதும். விசுவாச வாக்கு என்பதே ‘தேவன் தந்தால் தருவேன்’ என்ற அடிப்படையில் கேட்கப்படுவது. அதைக் கடனாக வசூலிக்கிற நல்ல ஊழியம் எதையும் நான் பார்த்ததில்லை. சட்டப்படியும் பயப்பட ஒன்றுமில்லை. பதிலுக்கு எதுவும் பெறாமல் தருவதாகச் சொன்ன வெறும் வாக்கு பொதுவாகச் செல்லாது என்பதுதான் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. விதிவிலக்குகள் உண்டு, உங்கள் அட்டை அவற்றில் வராது.

அனுப்பிய 2,600 ரூபாயைத் திரும்பக் கேட்கலாமா? கேட்கலாம், தவறில்லை. ஆனால் அது அநேகமாக அரிசியும் பருப்புமாகச் செலவாகியிருக்கும். அம்மாவிடம் கேளுங்கள். அவர் “இருக்கட்டும்” என்றால், அது அவருடைய காணிக்கையாக இருக்கட்டும். அப்படியானால் ஊழியத்துக்கு எழுதும் கடிதத்தில் அதையும் குறிப்பிட்டு, ரசீதை அவர் பெயரில் மாற்றித் தரச் சொல்லுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அவருக்குச் சின்ன விஷயமாக இருக்காது.

எந்தப் பணம் உங்களுடையது?

கல்லூரி மாணவர்கள் அடிக்கடி குழம்புகிற இடம் இது. வருகிற பணம் எல்லாம் ‘வருமானம்’ இல்லை. அப்பா கட்டணத்துக்கென்று கொடுத்தால் அது உங்கள் கையில் இருக்கும் அவருடைய பணம். ஒப்படைத்த வேலைக்கு மட்டும்தான் அதைச் செலவழிக்கலாம். கல்விக்கடனும் கல்லூரி தரும் கட்டண உதவியும் இதே வகைதான். அவற்றுக்குத் தசமபாகம் கிடையாது, கொடுக்கவும் கூடாது.

புதுமைப்பெண் ஆயிரம் ரூபாய் வேறு. நீங்கள் அரசுப் பள்ளியில் படித்ததால் உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் வருவது, இன்ன செலவுக்குத்தான் என்று ரசீது கேட்பதில்லை. ஆனாலும் படிப்பை விட்டுவிடாமல் இருக்கக் கொடுக்கிற பணம் அது. புத்தகம், பஸ், தேர்வுக் கட்டணம் போக மிஞ்சினால், அதிலிருந்து கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். கைச்செலவுக்கு என்று அப்பா தருகிற ஐம்பது நூறும் அப்படியே. ஒருநாள் டீயும் பப்ஸும் வேண்டாம் என்று வைத்துவிட்டு அந்தப் பணத்தைக் கொடுத்தால், அது முழுக்க முழுக்க உங்கள் காணிக்கை.

ட்யூஷன் பணம் உங்கள் உழைப்பு. பத்தில் ஒன்று என்பது புதிய ஏற்பாட்டுச் சபைக்குக் கட்டளையா இல்லையா என்பதில் சபைக்குச் சபை கருத்து வேறுபடுகிறது. உங்கள் சபையின் போதனையை நான் மாற்ற வரவில்லை. என் சொந்தக் கருத்து, தொடங்குகிறவருக்கு அது நல்ல அளவு, எடைக்கல்லாக வைத்து மிரட்டுவதற்கு அல்ல. உபாகமம் 14ஐ வாசித்தால் ஆச்சரியப்படுவீர்கள். அங்கே தசமபாகத்தைக் குடும்பமாக உட்கார்ந்து கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்லியிருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதை லேவியருக்கும் பரதேசிக்கும் திக்கற்றவருக்கும் விதவைக்கும் வைக்கச் சொல்லியிருக்கிறது. ஆலயத்துக்குக் கொடுப்பதும் பசித்தவருக்குக் கொடுப்பதும் ஒரே அதிகாரத்துக்குள் இருக்கின்றன. ஆகவே கட்டணம் கட்ட முடியாத வகுப்புத் தோழிக்குக் கொடுத்தால் அது ‘கணக்கில் சேருமா’ என்ற உங்கள் பயம் தேவையற்றது.

இனி 1,800ஐ எப்படிப் பிரிப்பது? வாங்கிய அன்றைக்கே 180ஐ ஒரு கவரில் போடுங்கள். அதில் 100 ஒடிசா விடுதிக்கு, 80 உங்கள் சபைக்கு. அடுத்து 700, அம்மாவின் கம்மலுக்கு. வட்டியை மாதாமாதம் கட்டி, மிச்சத்தை அசலில் வரவு வைக்கச் சொல்லுங்கள், கட்டும் ஒவ்வொரு முறையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். தனியார் அடகுக்கடை என்றால், கூட்டுறவுச் சங்கத்துக்கு மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள். வட்டி கணிசமாகக் குறையும். 500 அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்கு, தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கில். மீதி 420 உங்களுக்கு. உங்களுக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் திட்டம் போட்டால் இரண்டாவது மாதமே அது உடைந்துவிடும்.

கடன் இருக்கும்போது காணிக்கை கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அந்த 180ஐயும் கம்மலுக்கே போடு என்று சொல்கிற ஆலோசகர்களும் உண்டு, அதில் நியாயம் இருக்கிறது. அம்மாவிடம் திட்டத்தைக் காட்டுங்கள். அவர் “முதலில் கம்மல்” என்றால், கம்மல் மீளும் வரை காணிக்கையை இருபது ரூபாயாகக் குறையுங்கள், அட்டைக்குக் கொடுத்த வாக்கையும் அதற்கேற்ப மாற்றி எழுதுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். “வாரத்தின் முதல்நாள்தோறும் வரவுக்குத்தக்கதாக எதையாகிலும்” எடுத்து வைக்கும்படி பவுல் சொல்கிறாரே (1 கொரிந்தியர் 16:2), அந்த ‘எதையாகிலும்’ என்ற வார்த்தை உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது.

கடன் செயலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடன் அடைந்துவிட்டது என்பதற்கான சான்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, செயலியை நீக்குங்கள். போனில் உள்ள தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் எடுக்கக்கூடாது, எல்லாக் கட்டணங்களையும் முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே விதித்திருக்கிறது. வீட்டாரைக் கூப்பிட்டு மிரட்டுவதும் விதிமீறல். மறுபடி கூப்பிட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். 3,500க்கு 2,700 கொடுக்கிற இடத்துக்கு இனி எந்த அவசரத்துக்கும் போகாதீர்கள். தேர்வுக் கட்டணத்துக்குக் கால நீட்டிப்பு கேட்டுத் துறைத் தலைவரிடம் போவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

அப்பா சொல்வது பாதி சரி

அப்பாவின் வருத்தம் நியாயம். நீங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இன்னும் கேட்கவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆனால் “சம்பாதிச்ச பிறகு கொடு” என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வேலை கிடைத்ததும் கொடுப்பேன் என்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை கிடைத்ததும் பைக் வரும், அப்புறம் கல்யாணம், அப்புறம் வீட்டுக்கடன். 1,800இல் 180 கொடுக்கப் பழகாத கை, 60,000இல் 6,000ஐ எடுக்கும்போது நடுங்கும். கொடுக்கும் பழக்கத்துக்குக் கல்லூரிக் காலத்தைவிட நல்ல காலம் இல்லை. தொகை சின்னது, பொறுப்பும் குறைவு, தவறினால் திருத்திக்கொள்ள நாள் இருக்கிறது.

நம் திருநெல்வேலிச் சீமையின் கதையே இதற்குச் சாட்சி. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது அதற்கு முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியாவுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக இளைஞர்கள் நடுவே வேலை செய்துகொண்டிருந்தவர். வெளிநாட்டுப் பணத்துக்குக் காத்திராமல், இந்த ஊர்ச் சபைகளின் பணத்திலேயே இந்த ஊர் ஆட்களைத் தெலுங்கு தேசத்து தோர்ணக்கல் பக்கம் அனுப்பினார்கள். அந்தச் சபைகள் பணக்காரச் சபைகள் அல்ல. பனையேறிகளும் விவசாயக் கூலிகளும் நிறைந்தவை. சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஆலயத்துக்கென்று தனிப்பானையில் போட்டுவைக்கும் பழக்கம் உங்கள் பாட்டி வீட்டிலும் இருந்திருக்கலாம், கேட்டுப்பாருங்கள். மிசோரம் சபைகளில் 1910இல் தொடங்கிய கைப்பிடி அரிசிக் காணிக்கை இன்றும் நடக்கிறது, அங்கே ஊழியங்களைத் தாங்கும் பெரிய தூண்களில் அதுவும் ஒன்று. வீட்டாருக்கு உலை வைத்துவிட்டு, அதிலிருந்து எடுத்த கைப்பிடி அது. பிள்ளைகளைப் பட்டினி போட்டு எடுத்தது அல்ல. தினமும் எடுத்தது என்பதுதான் அதன் பலம். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், எனக்கென்னவோ அவர் ஒத்துக்கொள்வார் என்றுதான் தோன்றுகிறது.

ஜனவரிக் கூட்டம்

சாட்சி சொல்லுங்கள். ஆனால் 10,000 ரூபாய் வாக்குக் கொடுத்தவர் என்ற பாதிச் சாட்சியாக அல்ல. அப்போஸ்தலர் 5இல் அனனியா குறைவாகக் கொடுத்ததற்காகக் கடிந்துகொள்ளப்படவில்லை. நிலத்தை விற்பதும் விற்காததும் அவன் இஷ்டம், விற்ற பணமும் அவன் கையில்தான் இருந்தது என்று பேதுருவே சொல்கிறார். கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் கொடுத்ததாகக் காட்டியதுதான் குற்றம். ஆகவே ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே, “நடந்ததை முழுதாகச் சொல்வேன், கடன், கம்மல் உட்பட. சம்மதமானால் பேசுகிறேன்” என்று சொல்லுங்கள். அம்மாவின் சம்மதம் இல்லாமல் கம்மல் விஷயத்தைச் சொல்ல வேண்டாம். ஏற்பாட்டாளர்கள் தயங்கினால், பேசாமல் இருந்துவிடுங்கள். பேசினால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று அன்று இரவு கடன் செயலியைத் திறக்காமல் இருக்கும்.

செயலாளராக நீங்கள் சில ஏற்பாடுகளையும் செய்யலாம். வாக்கு அட்டையைக் கூட்டத்தில் கொடுத்துக் கூட்டத்திலேயே திரும்ப வாங்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், பெற்றோரிடம் பேசி, ஒரு வாரம் கழித்துக் கொண்டுவரட்டும். பாட்டும் கண்ணீருமாக இருக்கும் கடைசி இரவில் எழுதுகிற தொகையைவிட, திங்கட்கிழமை காலையில் எழுதுகிற தொகை சின்னதாக இருக்கும், ஆனால் வந்து சேரும். “அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்” என்பதற்கு மனதில் நியமிக்க நேரம் வேண்டாமா? யார் எவ்வளவு என்று மேடையில் வாசிக்காதீர்கள். கைதூக்கச் சொல்லாதீர்கள். கொடுக்க ஒன்றுமில்லாத பிள்ளையும் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

பணத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். செயலாளர் என்பதற்காக உங்கள் சொந்த ஜிபே எண்ணில் வாங்காதீர்கள். எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுலே தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குறை சொல்லாதபடிக்குச் சபைகள் தெரிந்தெடுத்தவர்களையும் கூட அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). வாட்ஸ்அப்பில் வருகிற ‘ஊழியர் குடும்பத்துக்கு அவசர உதவி’ க்யூஆர் படங்களை, அந்த ஊழியரிடமே போனில் பேசி உறுதி செய்யாமல் குழுவில் பகிராதீர்கள்.

நான் செய்யச் சொல்வது இன்னொன்றும் உண்டு. உங்கள் ஜெபக்குழுவில் முப்பது பேர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கு வாரம் பத்து ரூபாய் என்றால் மாதம் சுமார் 1,200. பாதியை மிஷனரி ஊழியத்துக்கு அனுப்புங்கள். மறுபாதியை உங்கள் கல்லூரியில் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் தவிக்கிறவருக்கு வையுங்கள், எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும். ஒரு செமஸ்டருக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் போதும். யாருக்குக் கொடுத்தோம் என்பது கணக்கு பார்க்கும் இரண்டு பேருக்கும் ஒரு ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். கடைசித் தேதியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பது குழுவில் மற்ற எல்லாரையும்விட உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஆகவே இதை நடத்தச் சரியான ஆள் நீங்கள்தான்.

துறை ஆசிரியர் ஒருவரிடம் இந்த வாரமே பேசுங்கள். கல்லூரி முதல்வரின் எழுத்து அனுமதி இல்லாமல் வளாகத்துக்குள் பணம் வசூலிக்க வேண்டாம். விண்ணப்பத்தில் நோக்கம், வாரத் தொகை, கணக்கு பார்க்கும் இரண்டு பேரின் பெயர், ஆண்டு முடிவில் கணக்கை யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்ற நான்கையும் எழுதுங்கள். நீங்கள் பி.காம். மாணவி, வரவு செலவு நோட்டு போட உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.